உதட்டுப் புற்றுநோயும் கொங்குநாட்டுப் புகையிலையும்

உதட்டுப் புற்றுநோய் என்பது உதட்டின் சிவந்த பகுதியில் தோன்றும் புற்றுநோய். பெரும்பாலும் செதிள் உயிரணுப் புற்றாக அமைகிறது. கீழுதட்டில் ஆறாத புண், பொருக்குத் தட்டிய தடிப்பு, வெடிப்பு ஆகியவற்றுள் ஒன்றாகத் தொடங்கி, முற்றும்போது தாடைக்குக் கீழுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும்.

மேலைநாடும் தமிழ்நாடும்

மேலைநாடுகளில் வெயிலில் உழைக்கும் வெளிர்நிறத் தோலினருக்கு இந்நோய் மிகுதி. குழாயில் புகைப்போரின் கீழுதட்டில் இது வருவதை 1795இல் செருமானிய மருத்துவர் சோமரிங் குறிப்பிட்டார். தமிழ்நாட்டில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் தோலின் கருநிறமி உதட்டைப் பெரிதும் காக்கிறது. இங்கு அதே வகைப் புற்று கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றோரத்திலும் வருகிறது. வெற்றிலையும் புகையிலையும் அடக்கப்படும் இடம் அதுவே.

நெய்யூர் பதிவுகள்

இத்தொடர்பை முதலில் கவனித்தவர்கள் தென்னிந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்கள். சென்னை அறுவை மருத்துவர் நிப்ளாக் 1902இல் கன்னப் புற்றை வெற்றிலை மெல்லும் பழக்கத்துடன் இணைத்து எழுதினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இயங்கியது. அங்குப் பணிபுரிந்த பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய கட்டுரையை 1908இல் வெளியிட்டார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஓர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றை 1933இல் லான்செட் இதழில் விளக்கினார்.

கொங்குநாட்டில் புகையிலை

கோயம்புத்தூர் மாவட்டம் நெடுங்காலமாகப் புகையிலை விளையும் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி மலபாரில் புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக நடத்தியபோது சரக்கின் பெரும்பகுதி இங்கிருந்து சென்றது. பேச்சுவழக்கில் ‘போயிலை’ எனப்படும் இது, கல்யாண வீட்டுத் தட்டிலும் வயல்வேலைக்காரரின் மடியிலும் இடம்பெற்றது.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் சிங்காநல்லூர் உள்ளிட்ட ஊர்களில் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால் ஆலைக்குள் பீடி பற்றவைக்க முடியாது. வாயில் அடக்கிய புகையிலைக்கு நெருப்பு வேண்டியதில்லை. ஆகவே இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் அது எளிதான துணையாயிற்று. தூள் புகையிலையைக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்வோருக்கு உதட்டின் உட்புறமே ஆபத்தான இடமாகிறது.

அறிவியல் முடிவும் சட்டமும்

புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கலவை புற்றுநோயை உண்டாக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் வகைப்படுத்தியது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என 2004இல் அறிவித்தது. ‘வெறும் பாக்குதானே’ என்ற சமாதானம் அத்துடன் செல்லாமல் போனது. தமிழ்நாட்டில் 2013இல் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

முன்கூட்டியே கண்டறிதல்

இந்நோய் பெரும்பாலும் திடீரென வருவதில்லை. வெண்படலம், செம்படலம், வாய் திறக்க இயலாத இறுக்கம், காரம் பட்டால் எரிச்சல் ஆகியவை முன்னறிகுறிகள். தொடக்கத்தில் வலி இல்லாததே பலரை ஏமாற்றுகிறது. வலி வந்து மருத்துவமனை சேரும்போது தாடை எலும்பையும் வெட்டியெடுக்க நேரிடலாம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. இப்பரிசோதனைக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.