காப்பகத்தில் வளரும் கைக்குழந்தைகள்

பெற்றோரைப் பிரிந்த கைக்குழந்தைகளைக் காப்பகத்தில் கூட்டமாக வைத்து வளர்த்தால் அவர்களின் மூளையும் மனமும் என்ன ஆகும் என்ற கேள்வி, குழந்தை உளவியலில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. பயந்தாலும் வலித்தாலும் குழந்தை குறிப்பிட்ட ஒருவரைத் தேடிப் போய் அவர் மடியில் அமைதியடைவதையே உளவியலாளர்கள் பிணைப்பு என்கிறார்கள். அந்த ஒருவர் இல்லாமல் போவதே காப்பகக் குழந்தையின் முதல் இழப்பு.

இதை அழுத்தமாக எடுத்துச் சொன்னவர் ரெனே ஸ்பிட்ஸ். 1945இல் வெளிவந்த அவரது ஆய்வு இரண்டு இடங்களை ஒப்பிட்டது. ஒன்று, சுத்தமும் மருத்துவ வசதியும் மிக்க ஒரு காப்பகம். அங்கே ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. மற்றொன்று, பெண் கைதிகள் தம் குழந்தைகளைத் தாமே பார்த்துக்கொண்ட சிறைக் குழந்தையகம். சிறைக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன. காப்பகத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு வயதுக்குள் இறந்தார்கள்.

1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. ஆனால் அது பெரும்பாலும் தாயையே மையமாக வைத்தது. பெற்ற தாய்தான் வேண்டுமென்பதில்லை, மாறாமல் கூடவே இருக்கும் அன்பான பராமரிப்பாளர் யாராக இருந்தாலும் போதும் என்று 1970களில் மைக்கேல் ரட்டர் திருத்தினார். வளர்ப்புக் குடும்பங்களுக்கு இடம் தந்த முக்கியமான திருத்தம் இது.

ருமேனியாவில் நடந்தது பெருங்கொடுமை. மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் அரசுக் காப்பகங்களில் நிறைந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகே உலகம் அந்தக் காப்பகங்களின் உள்ளே பார்த்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன குழந்தைகளை ரட்டர் குழு நெடுங்காலம் கவனித்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தைவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் தேறினார்கள். அதற்குமேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் பழகுவதில் சிக்கலும் வளர்ந்த பின்னும் தொடர்ந்தன.

சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா ஆகிய மூவரும் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வே இத்துறையின் மிக வலுவான சான்று. காப்பகக் குழந்தைகள் 136 பேரில் குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேரைக் காப்பகத்தில் விடுவது அறமா என்ற கேள்வி எழுந்தது நியாயமே. அப்போது ருமேனியாவில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அநேகமாக இல்லை. ஆய்வுக் குழுவே அதை உருவாக்கியது. பிறகு குடும்பம் கிடைத்த எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகத் தடுத்து வைக்கவில்லை. மூன்றரை வயதில் பாதுகாப்பான பிணைப்பு காட்டியவர்கள் வளர்ப்புக் குடும்பங்களில் சுமார் 49 சதவீதம், காப்பகப் பிரிவில் சுமார் 18 சதவீதம். நாலரை வயதில் சராசரி நுண்ணறிவு ஈவு முறையே 81, 73. சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கோ 109. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களே அதிகம் மீண்டார்கள்.

முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வது காப்பகக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் நடத்தை. பார்க்கப் போகிறவர்கள் அதைப் பாசம் என்று மகிழ்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு பார்க்கக் குழந்தைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது.

2004இல் ருமேனியா, கடும் ஊனம் உள்ளவர்கள் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. இந்த வயது வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. சின்னஞ்சிறு குழந்தைகளை, குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களை, குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்கின்றன 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள்.