ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குட்டி இதயம்... வீட்டில் பெற்றோர் என்னவெல்லாம் கவனிக்கணும்?

பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நெற்றியெல்லாம் வியர்க்கும். மூச்சு வாங்கும். பாதியிலேயே தூங்கிவிடும். "சரியான சோம்பேறிப் புள்ள" என்று வீட்டில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால், இதயத்தில் ஓட்டை!

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோவொரு பிறவிக் குறை இருக்கிறது. சின்ன ஓட்டைகள் பலவும் தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றாலோ, நான்கு குறைகள் சேர்ந்து வருகிற 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலட்' என்றாலோ ஆபரேஷன்தான் வழி. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் குறையும் இருக்கும் என்பதால், அவர்களுக்குப் பிறந்ததுமே எக்கோ பார்த்துவிட வேண்டும்.

"கொஞ்சம் வெயிட் போடட்டும்மா, அப்புறம் பண்ணலாம்" என்று டாக்டர் அனுப்பிவைப்பார். இந்த இடைவெளியில்தான் பெற்றோருக்கு நிஜமான வேலையே இருக்கிறது.

முதலில் பால். நமக்கு மாடிப்படி ஏறுவது எப்படியோ, இந்தக் குழந்தைக்குப் பால் உறிஞ்சுவது அப்படி. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். களைத்துப்போனால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம். அதுவும் முடியாவிட்டால் மூக்கு வழியாக டியூப் போடச் சொல்வார்கள். 'என்னால பால்கூடக் கொடுக்க முடியலையே' என்று பல அம்மாக்கள் உடைந்துபோவது இங்கேதான். டியூப்பில் போனாலும் அது தாய்ப்பால்தானே! பாலில் மாவு, பவுடர் என நீங்களாக எதையும் கலக்காதீர்கள். கலோரியைக் கூட்டும் வழியை டாக்டரே சொல்வார்.

டெட்ராலஜி குழந்தை என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீறிட்டு அழும்போது திடீரென நீலம் பாரித்து, வேகவேகமாக மூச்சு விடும். நம்ம ஊர் நிறத்துக்குத் தோலில் நீலம் சட்டெனத் தெரியாது. நாக்கையும் நகத்தையும் பாருங்கள். உடனே குழந்தையின் முழங்கால்கள் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். அப்படிச் செய்தால் கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போகும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இவர்களுக்கு வாந்தி, பேதி வந்தாலும் தாமதிக்கக் கூடாது. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகிவிடும்.

சாதாரண சளிகூட ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்துவிடும். பார்க்க வருகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கை கழுவாமல் தூக்க விடாதீர்கள். தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டு, உரிய நேரத்தில் போட்டுவிடுங்கள்.

வருகிறவர்கள் சளியோடு சேர்த்துக் கேள்வியையும் கொண்டுவருவார்கள். "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?" கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவின் இதயம் சுமார் 8 வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. கர்ப்பம் என்றே பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

அதே உறவுகள் "ஒரு வயசாகட்டும், பிஞ்சு உடம்பு தாங்காது" என்றும் சொல்லும். பெரிய ஓட்டையை ரொம்ப நாள் விட்டுவைத்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டு, பிறகு ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வரலாம். தேதியை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்களா? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ஆபரேஷன்களும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் வழிகாட்டுவார்கள். காப்பீட்டு அட்டைக்கான பேப்பர் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி கஷ்டமானது. பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், மற்ற பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே கணக்கு. 'பாவம், அழுவுதே' என்று பாட்டி ஒரு வாய் புகட்டினால், மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும், நெஞ்செலும்பு கூடும்வரை சில வாரங்களுக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில். இதை முக்கியமாகத் தாத்தாவிடம் சொல்லிவையுங்கள். ஆசையில் தூக்கிப்போட்டுப் பிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்!