சிங்கப்பூரில் வேலையா? பாலம் தாண்டும் முன் நீங்கள் படிக்க வேண்டிய கடிதம்

"வேலை கிடைச்சிருச்சு, திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க." மாசாய், ஸ்கூடாய், கூலாய், பாசிர் கூடாங் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடுகள் குறைவு. சம்பளம் எவ்வளவு, வாடகைக்கு ரூம் வேணுமா, தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வர முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். "கையில என்ன கடிதம் வந்திருக்கு?" என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கடிதத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதில் என்ன இருக்க வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும், எந்த நாளிலிருந்து நீங்கள் சட்டப்படி வேலை செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மலேசியர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கவனம்?

பிலிப்பீன்ஸிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வேலை ஒப்பந்தத்தை சிங்கப்பூரில் உள்ள பிலிப்பீன்ஸ் தொழிலாளர் அலுவலகம் சரிபார்க்கும். வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்பில் அவர் உறுப்பினராக வேண்டும். அதன் பிறகு அவர் நாட்டு அரசாங்கம் தரும் வேலைவாய்ப்புச் சான்றிதழைக் காட்டினால்தான் விமான நிலையத்தில் விடுவார்கள். இதற்காகவே 2021 டிசம்பரில் சட்டம் இயற்றி, தனியாக ஓர் அமைச்சையே அங்கே உருவாக்கினார்கள்.

இந்தியாவிலும் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் அரசாங்க அனுமதி பெற வேண்டும்.

ஜொகூர்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. கடப்பிதழை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தால் போதும். 'இந்தச் சம்பளம் சரியா, இந்த முதலாளி உண்மையா' என்று நம் பக்கம் நிறுத்திக் கேட்கும் முகப்பு கிடையாது. வசதிதான். ஆனால் பிலிப்பீன்ஸ் தொழிலாளிக்கு ஓர் அதிகாரி செய்து கொடுக்கும் சரிபார்ப்பை, இங்கே நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

பெர்மிட்டுக்கு யார் விண்ணப்பிப்பது?

நீங்கள் இல்லை. சிங்கப்பூர் முதலாளியோ, அவர் நியமித்த வேலைவாய்ப்பு முகவர் நிறுவனமோ சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம், அதாவது எம்.ஓ.எம்.மிடம், விண்ணப்பிக்க வேண்டும். "உங்க பேர்ல நீங்களே பெர்மிட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் வேலை பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை, கடை, உணவகம், துப்புரவு, பாதுகாவல் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் வொர்க் பெர்மிட்தான். தொழில்நுட்பத் திறன் உள்ளவர்களுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. நிதித் துறையில் அதைவிட அதிகம், வயது கூடக் கூட இந்த வரம்பும் ஏறும். நிபுணர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் எம்பிளாய்மென்ட் பாஸ். கீழே சொல்லப்படுவது முக்கியமாக வொர்க் பெர்மிட் பற்றியது.

முதலாளி உங்களிடம் கேட்பது கடப்பிதழின் நகல், சொந்த விவரங்கள், தேவைப்பட்டால் கல்விச் சான்றிதழ்கள். கடப்பிதழ் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். பெர்மிட் பொதுவாக 2 ஆண்டு வரை தரப்படும். கடப்பிதழில் மிச்சமிருக்கும் காலம் குறைவு என்றால் பெர்மிட்டும் சுருங்கிவிடும்.

எஸ்.பி.எம். முடிக்காதவர் முடித்ததாக எழுதுவது, வேறொருவர் சான்றிதழைக் காட்டுவது போன்றவை சின்ன விஷயம் இல்லை. பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "ஏஜென்ட்தான் எழுதினார்" என்று சொல்லித் தப்பிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஐ.பி.ஏ. என்றால் என்ன?

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் எம்.ஓ.எம். வெளியிடுவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். எல்லாரும் ஐ.பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். நீங்கள் புறப்படும் முன்பே முதலாளி இதன் நகலை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். "இங்க வந்ததும் காட்டறேன்" என்பது சரியான பதில் இல்லை.

கடிதம் கையில் கிடைத்ததும் இவற்றைப் பாருங்கள்:

• முதலாளியின் பெயர். உங்களை நேர்காணல் செய்த நிறுவனம்தானா? வொர்க் பெர்மிட் ஒரு முதலாளிக்கும் ஒரு வேலைக்கும் மட்டுமே. வேறு பெயர் இருந்தால் காரணம் கேளுங்கள்.

• வேலையின் பெயர். ஸ்டோர் வேலை என்று சொல்லிவிட்டு, கடிதத்தில் துப்புரவுப் பணி என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

• அடிப்படைச் சம்பளம், நிலையான அலவன்ஸ், பிடித்தம். மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும்.

• முகவர் கட்டணம். நீங்கள் கொடுத்த தொகையும் அதில் உள்ள தொகையும் ஒன்றா என்று பாருங்கள்.

• கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்பது.

சம்பள விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். உதாரணத்துக்கு, ஏஜென்ட் "மாசம் 2,400" என்கிறார். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 1,800 என்று இருக்கிறது. மீதி 600 எங்கே? "அது ஓ.டி. சேர்த்து" என்பார். ஓ.டி. என்பது கூடுதலாக உழைத்து வாங்குவது. வேலை குறைந்த மாதத்தில் அது வராது. உங்கள் வீட்டு வாடகை, கார் தவணை எல்லாவற்றையும் 1,800-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், 2,400-ஐ வைத்து அல்ல.

கடிதத்தில் அறிவித்த நிலையான சம்பளத்தை உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்க முடியாது. பின்னால் தகராறு வந்தால் அந்தக் கடிதம்தான் உங்கள் முதல் ஆதாரம்.

கடிதம் போலியா என்று சந்தேகம் இருந்தால், எம்.ஓ.எம். இணையத்தளத்தில் உங்கள் கடப்பிதழ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு விண்ணப்பத்தின் நிலையை நீங்களே பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

எந்தப் பணம் யாருடைய பொறுப்பு?

விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, பெர்மிட் வழங்கும் கட்டணம் 35 வெள்ளி. இவையும், மாதா மாதம் கட்டும் வெளிநாட்டு ஊழியர் லெவியும், மருத்துவக் காப்புறுதியும் முதலாளியின் செலவு. லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி தவறு. மற்ற நாட்டவருக்கு முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்ட வேண்டும். மலேசியர்களுக்கு அது கிடையாது. ஆகவே "பாண்டு பணம்" என்று யாராவது கேட்டால் அந்தப் பெயரில் உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை கொடுத்ததற்காகவோ பெர்மிட்டைப் புதுப்பித்ததற்காகவோ முதலாளி உங்களிடம் பணம் வாங்கினால் அது லஞ்சத்துக்குச் சமம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் அவருக்குக் கிடைக்கலாம்.

முகவருக்கு நீங்கள் கட்டணம் கொடுக்கலாம், ஆனால் வரம்பு உண்டு. சிங்கப்பூர் முகவர் நிறுவனம் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வரை வாங்கலாம்; ஒப்பந்தம் எத்தனை ஆண்டானாலும் 2 மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. முதல் 6 மாதத்துக்குள் முதலாளி உங்களை வேலையிலிருந்து நீக்கினால், கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் இதைக் கேட்டு வாங்குவது கஷ்டம். எனவே ரசீது இல்லாத இடத்தில் பணத்தை நீட்டாதீர்கள்.

முகவர் உரிமம் பெற்றவரா என்று எம்.ஓ.எம். பட்டியலில் தேடலாம். நம் பக்கம் உள்ள முகவர் என்றால், 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின் கீழ் மலேசியத் தொழிலாளர் துறை தந்த உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப பி அல்லது சி வகை உரிமம் தேவை. ஏ வகை உள்நாட்டு வேலைக்கு மட்டும்.

'முதல்ல வந்து பழகுங்க, பெர்மிட் அப்புறம்' என்றால்?

போகாதீர்கள். இந்த ஒரு பேச்சை நம்பினால் அடுத்த சிங்கப்பூர் வேலைக்கும் வழி அடைந்துபோகலாம்.

பார்வையாளராக நுழைந்து ஒரு நாள் வேலை செய்தாலும் அது குற்றம். "டிரெயினிங்தான், சம்பளம் இல்ல" என்றாலும் சட்டத்தின் பார்வையில் வேலை வேலைதான். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை செய்த வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் வேலை பார்க்க விடாமல் தடையும் விதிக்கலாம்.

ஐ.பி.ஏ. கடிதம் உள்ளே நுழைய உதவும். வேலையைத் தொடங்க அது போதாது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, கடிதம் கேட்டிருந்தால் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு முதலாளி இணையம் வழியாகப் பெர்மிட்டை வெளியிடுவார். அப்போது ஓர் அறிவிப்புக் கடிதம் வரும். அது கிடைத்தால்தான் வேலையைத் தொடங்கலாம். கார்டு வரும் வரை அதைக் காட்டியே எல்லையைக் கடக்கலாம். கைரேகையும் புகைப்படமும் கேட்டிருந்தால் பெண்டமியர் சாலையில் உள்ள எம்.ஓ.எம். சேவை நிலையத்துக்குப் போக வேண்டும்.

முதல் தடவை நுழையும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டியிருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவும் அரசாங்கத்துடையது அல்ல.

இன்னொன்று: கையில் பெர்மிட் இருக்கிறது என்பதற்காக ஓய்வு நாளில் வேறு கடையில் வேலை செய்ய முடியாது. நண்பரின் கணக்கை வாங்கி உணவு விநியோகம் செய்வதும் சட்டவிரோதம்.

வேலை தொடங்கிய பின் என்ன வாங்கி வைக்க வேண்டும்?

வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும். சம்பள நாளில் விவரமான பே ஸ்லிப் தர வேண்டும். சம்பளம், அந்தச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள், ஓ.டி. பணம் 14 நாளுக்குள். உடலுழைப்பு வேலை செய்து மாதம் 4,500 வெள்ளிக்கு மிகாமல் அடிப்படைச் சம்பளம் வாங்குபவருக்கு வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு.

சம்பளம் வரவில்லை என்றால் 'அடுத்த மாசம் சேர்த்துத் தருவார்' என்று காத்திருக்காதீர்கள். வேலையில் இருக்கும்போது என்றால் ஓர் ஆண்டுக்குள், வேலையை விட்ட பிறகு என்றால் 6 மாதத்துக்குள், டாடெம் எனப்படும் முத்தரப்பு தகராறு தீர்வு அமைப்பிடம் புகார் கொடுக்க வேண்டும். நாள் கடந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பயன் இல்லை.

உங்கள் கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. தினமும் பாலம் கடப்பவருக்கு அந்தப் பிரச்சினை வராது. அங்கேயே தங்குபவர்கள் கவனிக்கவும்.

பாலத்தில் விபத்து நடந்தால்?

வேலையிடத்தில் அடிபட்டால் சிங்கப்பூரின் 2019-ஆம் ஆண்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உடனே முதலாளியிடம் சொல்லுங்கள். விபத்து நடந்த ஓர் ஆண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும்.

ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி வேறு கதை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது விபத்து என்றால் அந்தச் சட்டம் பாதுகாக்கும். சொந்த மோட்டார் சைக்கிளிலோ பொதுப் பேருந்திலோ போகும்போது என்றால் பொதுவாகப் பாதுகாக்காது. விடியற்காலையில் மழையில் தினமும் பாலம் கடக்கும் பல்லாயிரம் பேர் இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறார்கள். வொர்க் பெர்மிட் ஊழியருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைச் செலவுக்கானது. கை கால் இழந்தால் குடும்பத்தை அது காப்பாற்றாது. தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றை நீங்களே எடுப்பது நல்லது. வாங்கும் முன், 'இரு நாட்டிலும் செல்லுமா, மோட்டார் சைக்கிள் விபத்துக்கும் கொடுப்பார்களா' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

அதேபோல், நிரந்தரவாசி அல்லாத உங்களுக்கு சிங்கப்பூரின் சி.பி.எஃப். சேமிப்பு கிடையாது. முழுச் சம்பளமும் கைக்கு வருவது சந்தோஷம்தான். ஆனால் 20 ஆண்டு உழைத்த பிறகும் ஓய்வுக்காலக் கணக்கில் ஒன்றும் இருக்காது. நம் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சுயமாகச் சந்தா கட்டலாம்; ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. மாதம் 200 ரிங்கிட் என்றாலும் முதல் சம்பளத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை

ஐ.பி.ஏ. கடிதம், அறிவிப்புக் கடிதம், பெர்மிட் கார்டின் இரு பக்கம், ஒப்பந்தம், முகவர் ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே படங்களை வீட்டில் மனைவிக்கோ அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிடுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, மேலாளரின் தொலைபேசி எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். "சிங்கப்பூர்ல ஏதோ ஃபேக்டரி" என்று மட்டும் தெரிந்த குடும்பத்தால், அவசரத்தில் மருத்துவமனைக்கும் போக முடியாது, ஜெர்வாய்ஸ் சாலையில் உள்ள மலேசியத் தூதரகத்தில் உதவி கேட்கும்போது விவரமும் சொல்ல முடியாது. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். திங்கட்கிழமை வருவதற்குள் முடித்துவிடுங்கள்.