தொடையும் கோதையும்: பூவேலையிலிருந்து யாப்புக்குப் போன சொற்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி வட்டாரத்தில் பூவேலைக்குக் கட்டுவது, தொடுப்பது, கோப்பது என்று மூன்று வினைகள் உண்டு. பேச்சில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரும். ஆனால் தொடுப்பதும் கோப்பதும் வேறு வேறு கைவேலை. நனைத்த வாழைநாரை இடக்கை விரல்களில் பிடித்து, காம்புகள் உள்ளே பார்க்க இரண்டு பூவை ஒரு பக்கமும் இரண்டு பூவை மறுபக்கமும் வைத்து, நாரை வளைத்து, வளையத்துக்குள் விட்டு இறுக்கினால் ஒரு கண்ணி. இப்படிக் கண்ணிமேல் கண்ணியாகப் போவது தொடுத்தல். இதில் ஊசி இல்லை, பூவில் துளை விழாது. கோத்தலில் ஊசி பூவைத் துளைத்துப் போகும். முதல் பூவிலிருந்து கடைசிப் பூ வரை ஒரே நூல் உள்ளே ஓடும். அந்த நூல் அறுந்தால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். தொடுத்த சரத்தை எங்கே வெட்டினாலும் மீதி நிற்கும். மல்லிகையை முழம் போட்டு விற்க முடிவது அதனால்தான்.

தமிழ்ச் செய்யுளிலக்கணம் தன் கலைச்சொற்களைப் பெரும்பாலும் இத்தகைய கைவேலைகளிலிருந்தே எடுத்தது. யாத்தல் என்றால் கட்டுதல். அதன்வழி வந்தது யாப்பு. சீரும் சீரும் கூடுமிடம் தளை. விலங்குக்கும் கட்டுக்கும் வழங்கும் சொல்லே அது. அடியோடு அடி இசைவது தொடை. அது மாலைக்கும் பெயர். இவற்றை வெறும் உவமை என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. எந்த வேலைக்கு எந்த வினை என்ற வேறுபாட்டையும் புலவர்கள் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை முதலிய தொடைகளைச் சொல்லி, அவற்றின் விரிவைப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் கணக்கிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. தொடையில் எந்தச் சொல்லும் சிதைவதில்லை. ஓரடி அடுத்த அடியை ஓசையாலோ பொருளாலோ பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. திருப்பாவையின் முதற்பாட்டை எடுத்துக்கொள்வோம். எட்டு அடிகள். எட்டிலும் இரண்டாம் எழுத்து ரகர வருக்கம். எட்டிலும் முதலெழுத்து நெடில். ஒவ்வோர் அடியின் தலையிலும் ஒரு கண்ணி விழுந்திருக்கிறது. ஈரடியைத் தனியே பிரித்து எடுத்தாலும் அந்தப் பிணைப்பு அறாது.

கோத்தல் இலக்கியத்தில் வேறு வழியில் போயிற்று. அகப்பொருள் பாடும் கோவை நூல்களில் செய்யுள்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. தலைவனும் தலைவியும் முதன்முதல் காண்பது தொடங்கிக் களவு, கற்பு என நீளும் ஒரே கதை, கட்டளைக் கலித்துறை ஒவ்வொன்றையும் ஊடுருவி ஓடும். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் அப்படி நானூறு பாட்டு. நூல் உள்ளே ஓடுவதால் அது கோவை. அதைத் தொடை என்று யாரும் சொன்னதில்லை. (இன்று ‘கோர்த்து’ என்றே பலரும் எழுதுகிறார்கள். ‘சேர்த்து’ என்பதன் சாயலில் ரகர ஒற்று நுழைந்திருக்கலாம். பழைய வடிவம் ‘கோத்து’தான்.)

கோதை என்ற பெயரும் இதே கோத்தலோடு உறவுடையது. மாலை, பெண், பெண்ணின் கூந்தல் என்று அச்சொல்லுக்குப் பொருள் விரியும். சேர மன்னர் பெயர்களிலும் அது வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டிய விஷ்ணுசித்தரின் மகள் ஆண்டாள் தன் பாட்டுகளில் தன்னைக் கோதை என்றே சொல்லிக்கொள்கிறாள். திருப்பாவையின் முப்பது பாட்டையும் மாலை என்கிறாள். பூமாலையும் பாமாலையும் ஒரே கையில் சேர்ந்தது இந்த ஊரில்தான். அவள் கதையைத் தெலுங்கில் காவியமாக்கிய கிருஷ்ணதேவராயர் நூலுக்கு ஆமுக்தமால்யதா என்று பெயரிட்டார். சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்பது பொருள். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் போகிறது. அவள் கையிலுள்ள கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடல். வாழைநார் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது.

கண்ணியின் பயணமும் கவனிக்கத்தக்கது. சங்க காலத்தில் அது தலையில் சூடும் பூ; பறவை பிடிக்கும் சுருக்குக்கும் அதுவே பெயர். முடிச்சு என்பது இரண்டுக்கும் பொது. பின்னாளில் இரண்டடிப் பாட்டு கண்ணி ஆயிற்று; தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். நாரின் மேல் இரண்டிரண்டாகப் பூ விழுவதுபோல் அதில் அடிகள் இரண்டிரண்டாக விழுகின்றன.

இனித் தொடுத்தலின் வேருக்கு வருவோம். ‘தொட்டான்’ வேறு, ‘தொடுத்தான்’ வேறு. தொடுதல் தான் தொடுவது. தொடுத்தல் ஒன்றை மற்றொன்றோடு தொட வைப்பது என்று நான் கொள்கிறேன். கன்னடத்தில் தொடு என்றால் அணிதல், தொடகு என்றால் தொடங்குதல். தெலுங்கில் தொடுகு என்பதும் அணிதலே. உடம்போடு அணியைப் பொருத்துவதும் நாணோடு அம்பைப் பொருத்துவதும் ஒரே வினையில் அடங்கின. அம்பு தொடுத்தலிலிருந்து போர் தொடுத்தல் வந்தது; அதே தடத்தில் வினாத் தொடுத்தலும் வழக்குத் தொடுத்தலும் வந்தன. ஒன்றைப் பொருத்தியதும் அடுத்தது நடந்தாக வேண்டும். தொடக்கம், தொடர், தொடர்பு ஆகியவை அந்த எதிர்பார்ப்பில் பிறந்தவை.

தொடுத்தால் வருவது சரம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் சரம் என்றால் பூச்சரம் மட்டுமல்ல. சிவகாசிப் பட்டறைகளில் பின்னப்பட்டு வந்த சரவெடியும் அதுதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்தபோது தனி வெடிகளை முற்றாக விலக்கவில்லை. ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னியவை காற்றையும் செவியையும் கெடுப்பதோடு குப்பையையும் பெருக்கும் என்பதே காரணம். பின்னிப் பிழைத்த கைகளுக்கு அந்த வேலை போயிற்று.

கணினித் தமிழில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழிக்குத் தொடுப்பு, இணைப்பு என்று இரு சொற்கள் வழங்கின. பேச்சு வழக்கில் ‘தொடுப்பு’ கள்ள உறவைக் குறிப்பதால் பலர் கூசி இணைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். இணை என்பது சோடி, ஒத்த இரண்டு. இங்கே அந்த ஒப்புமை இல்லை. இரு முனையும் முழுதாக நிற்க, ஒன்று மற்றதைப் பற்றுகிறது. வெட்டினாலும் இரண்டும் பிழைக்கும். பூத்தொடுப்பவர் சொல்லே இதற்குப் பொருந்தும். அதையே எழுத வேண்டும்.