பெரணித் துருவின் சரித்திரம்

கோதுமையைக் கெடுக்கும் துருநோயை அரசாங்கங்களும் கவனித்தன. காட்டுப் பெரணியின் இலையடியில் வெண்பொடியாய்ப் படரும் துருப்பூஞ்சையையோ, லாபம் கருதாத சில தாவர சாஸ்திரிகளே பொருட்படுத்தினர். அவர்களுள் பெர்லின் நகரத்துப் பால் மாக்னுஸ் முக்கியமானவர். 1893-இல் யுரெடினாப்சிஸ் என்ற பேரினத்தை வகுத்த அவர், பின்னர் ஹயலாப்சோரா, மிலெசினா ஆகியவற்றையும் வகுத்தார்.

ஆயினும் பெரணியில் கண்டது துருவின் ஜீவிதத்தில் பாதியே. மறுபாதியை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் டபிள்யூ. பி. ஃப்ரேசர் 1912-ஐ ஒட்டிச் செய்த பரிசோதனைகள் விளக்கின: பனிக்காலத்தைப் பெரணியின் பட்ட இலைக்குள் கழித்த வித்துகள் வசந்தத்தில் முளைத்து, அவற்றினின்று எழும் சூட்சும வித்துகள் காற்றேறிச் சென்று பால்சம் ஃபிர் மரத்தின் இளம் ஊசியிலைகளைப் பற்ற, அங்கே விளையும் வேறொரு வகை வித்து மீண்டும் பெரணியையே நாடி வருகிறது. பெரணியிலும் ஃபிர்ரிலும் தனித்தனிப் பெயர் பெற்றிருந்த இரண்டும் ஓருயிரே என்று தெளிந்த அக்கட்டமே இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் உவப்பானது.

பிற்பாடு ஹார்வர்டின் ஆர்னால்ட் ஆர்போரேட்டத்தைச் சேர்ந்த ஜே. எச். ஃபால், 1932-இலும் 1938-இலும் பெரணித் துருக்களின் வகைப்பாட்டை விரிவான நூல்களாக்கினார்.

பெரணி புராதனத் தாவரமாதலின் அதன் துருவும் துருக்களுள் ஆதியானதென்று நெடுங்காலம் நம்பினர். மரபணுக்களை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆராய்ச்சி, அவ்வனுமானம் நிலைக்காதெனக் காட்டிற்று. கொள்கை வீழ்ந்தபோதிலும், ஃபாலின் பொறுமையான வருணனைகள் மதிப்பிழக்கவில்லை.