காளத்தியும் ஹேக்கும்

தமிழருக்குத் திருக்காளத்தி என்றதும் கண்ணப்பர் நினைவுக்கு வருவார். தெலுங்கருக்கு அதோடு தூர்ஜடியும் வருவார். கிருஷ்ணதேவராயர் அவையின் எட்டுக் கவிகளில் ஒருவர் என மரபு போற்றும் அவர், காளஹஸ்தீஸ்வர சதகத்தில் ஈசனிடம் முறையிடும் சாக்கில் அரசர்களையும் அவர்களை அண்டிப் பிழைப்போரையும் வெளுத்து வாங்கினார்.

2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் அதே ஊர்தான் கலம்காரி என்னும் துணி ஓவியத்துக்கும் பெயர்போனது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய பருத்தித் துணியில் புளியங்குச்சிக் கரியால் கோடிழுப்பார்கள். நூல் சுற்றிய மூங்கில் குச்சியை, வெல்லத்தோடு இரும்பைப் புளிக்கவைத்த நீரில் தோய்த்து அதன் மேல் வரைந்தால் கருப்பு ஏறும். கட்டங்கட்டமாக ராமாயணம் விரிய, ஓரப் பட்டைகளில் தெலுங்கு எழுத்து கதை சொல்லும். படமும் எழுத்தும் ஒரே துணியில் இருந்தும், அந்த எழுத்தில் தூர்ஜடியின் சீற்றம் கிடையாது. ஒரே கோயிலின் நிழலில் வளர்ந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே போயின.

பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்திலோ ஓவியமும் நையாண்டி எழுத்தும் ஒரே கையில் கூடின. ஆட்ரியான் ஃபான் டி வென்னே (1589–1662) ஓவியர், கவிஞரும்கூட. ஹேக் நகரத் திருவிழாவுக்கு வரும் நாட்டுப்புறத்தாரை வைத்து உலகத்தையே நையாண்டி செய்யும் நெடும்பாட்டை 1635இல் வெளியிட்டார். பழுப்பும் சாம்பலுமான அவருடைய ஓவியங்களில் பிச்சைக்காரர்களும் குடிகாரர்களும் தள்ளாட, படத்துக்குள்ளேயே ஒரு நாடாவில் கேலி வாசகம் நெளியும். மற்றொரு டச்சு ஓவியரான யான் ஸ்டேன் ஒருபடி மேலே போனார். ஹேக்கின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய படமொன்றில் பாட்டி ஒரு தாளைப் பார்த்துப் பாடுகிறாள். பெரியவர்களின் வழியே பிள்ளைகளின் வழி என்னும் பழமொழி அதில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் சிறுவனுக்குப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்துச் சிரிக்கும் தந்தைக்கு ஸ்டேன் தன் முகத்தையே கொடுத்திருக்கிறார். தன்னையும் சேர்த்துக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

காளத்திக் கைகள் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. வேறுபாட்டை வாங்குபவரிடம்தான் தேட வேண்டும். டச்சு ஓவியம் சந்தையில் விலைபோனது. கடைக்காரரும் கைவினைஞரும் தங்கள் வீட்டுச் சுவருக்கு வாங்கினார்கள், தங்களைப் போன்றோரைப் பார்த்துச் சிரிக்க விரும்பினார்கள். கலம்காரித் திரையோ கோயிலுக்கும் தேருக்கும் போனது. அங்கே புராணத்துக்குத்தான் இடம். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள்கூடச் சோழமண்டலக் கரையின் வண்ணத்துணியில் பூவையும் கொடியையும்தான் நாடினார்கள்.

இன்று நிலைமை வேறு. அரசின் பயிற்சி மையம் 1957இல் காளத்தியில் வந்த பிறகு கலை மீண்டும் தழைத்தது. 2008இல் கலம்காரிக் கலைஞர் குரப்ப செட்டி பத்மஸ்ரீ பெற்றார். திரையை வாங்குபவர் இப்போது கோயில் மட்டுமல்ல. கடைகளும் வீடுகளும் வாங்குகின்றன. ஹாலந்தில் கேலிக்கு இடம் தந்த சந்தை இங்கும் வந்துவிட்டது. அந்த ஓரப் பட்டையில் தூர்ஜடியை எழுதி, மேலே அவர் சாடிய அரசவையைத் தீட்ட ஒரு கலைஞர் முன்வர வேண்டும். வாங்க நான் ஆசையோடு காத்திருக்கிறேன்.