பம்பும் லீவும்

செஸ் பைத்தியங்களுக்கு எட்வர்ட் லாஸ்கர் எண்ட பேர் தெரிஞ்சிருக்கும். 1920களில் அமெரிக்காவில் தாய்ப்பால் எடுக்கிற மெஷின் ஒன்றை உருவாக்கியதும் அதே ஆள்தான், படிப்பால் பொறியியலாளர். கையால் இயக்கும் பம்புக்கு 1854லேயே அங்கு ஓர்வெல் நீதம் காப்புரிமை எடுத்திருந்தார். லாஸ்கரின் மெஷின் போனது வீடுகளுக்கு இல்லை, ஆசுப்பத்திரிகளுக்கு. குறைமாதத்தில் பிறந்து, உறிஞ்சிக் குடிக்கப் பலமில்லாத பிள்ளைகளுக்காக.

மாட்டிலதான் பால் கறப்பம், தாயில அந்தச் சொல்லைச் சொல்ல எங்கட ஆக்களுக்குக் கூச்சம். ஆனால் சுவீடன் பொறியியலாளர் ஐனார் எக்னெல், மாட்டுப்பால் கறக்கும் மெஷின்களைப் பார்த்துத்தான் படித்தார். எவ்வளவு இழுத்தால் மார்பு புண்படாது, எப்ப விட்டுவிட வேணும் எண்டு அவர் கணக்குப் பார்த்த ஆய்வு 1956இல் வெளிவந்தது. தாயின்ர நோவையும் கணக்கில் எடுத்த வேலை எண்டபடியால் எங்களுக்கு அவரில ஒரு மதிப்பு.

1991இல் மெடெலா கம்பனி வீட்டுப் பாவனைக்கான மின்பம்பை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்ப பிள்ளைக்குப் பலம் இருக்கு, பக்கத்தில தாய்தான் இல்லை. அவ வேலையில். 1993இல் வந்த அமெரிக்கச் சட்டம் 12 கிழமை லீவு தந்தது, அதுவும் சம்பளமில்லாமல், எல்லாருக்குமில்லை. 2010இல் லீவு கூடவில்லை. பால் எடுக்க இடைவேளையும் இடமும் குடுக்கவேணும் எண்டு சட்டம் வந்தது. அந்த இடம் கழிவறையாக இருக்கக்கூடாது எண்டு சட்டத்திலயே எழுதவேண்டி இருந்திருக்கு! அந்த இடைவேளைக்குச் சம்பளம் குடுக்கவேணும் எண்டு மட்டும் எழுதவில்லை.